சோதனைச்சாலையின் கடனும் நோயாளியின் கவலையும்

திருவண்ணாமலை நகரின் கடைத்தெருக்களில் இந்நாளில் நடந்து செல்வோர், இரத்தப் பரிசோதனை நிலையம் என்னும் பெயர்ப்பலகைகள் பலவற்றைக் காண்பர். செங்கத்திலிருந்தும் போளூரிலிருந்தும் தண்டராம்பட்டிலிருந்தும் பஸ் ஏறி வரும் குடியானவர்கள், வைத்தியர் எழுதிக்கொடுத்த சீட்டைக் கையிற் பிடித்துக்கொண்டு அவற்றின் வாயிலிற் காத்திருப்பது அன்றாடக் காட்சியே. அவர்களிடமிருந்து எடுக்கப்படும் இரத்தம் சிறு குழாய்களில் அடைக்கப்பட்டுச் சில சோதனைகளுக்கு இவ்வூரிலேயே தங்கும். வேறு சிலவற்றுக்காகச் சென்னைக்கோ, அதனினும் தொலைவிலுள்ள நகரங்கட்கோ பயணம் போகும். பின்னர் முடிவு வரும். அம்முடிவைப் பார்த்தே வைத்தியர் மருந்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார், சில வேளை அறுவைச் சிகிச்சைக்கும் நாள் குறிக்கிறார். ஆனால் அந்தக் குழாய் எங்கே சென்றது, அதனைச் சோதித்த சாலை யாருடையது, அச்சாலையின் உடையவர் யாருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறார் என்பவற்றை அக்குடியானவர் அறியார். அறிய வேண்டுமென்று அவருக்குத் தோன்றுவதும் இல்லை.

ஆயினும் இக்கேள்விகள் வீண் கேள்விகள் அல்ல. மருத்துவச் சோதனைச்சாலைக் கம்பெனிகளைப் பெருங்கடன் கொண்டு வாங்குவதும், அக்கடனின் பாரத்தால் அவற்றின் கடன்தர மதிப்பீடு குறைக்கப்படுவதும் சில ஆண்டுகளாக உலக வர்த்தகச் செய்திகளில் இடம்பெற்று வருகின்றன. இச்செய்திகள் பங்கு வாங்குவோர்க்கும் வட்டிக்குக் கொடுப்போர்க்கும் மாத்திரமே உரியவை என்று நம்மிற் பலர் எண்ணி, அப்பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அவ்வாறு புரட்டிவிடுதல் தகாது என்பதும், அதே சமயத்தில் அச்செய்தியைத் தவறாகப் படித்து அஞ்சுதலும் தகாது என்பதும் நம் கருத்து. அதனை ஈண்டு எடுத்துரைக்க முயல்வோம்.

திருவள்ளுவர் மருத்துவத்தின் உறுப்புக்களை நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன் என நான்காக வகுத்தார். இக்காலத்து மருத்துவத்துக்கு ஐந்தாவதாக ஓர் உறுப்பும் சேர்ந்துவிட்டது. அதுவே சோதனைச்சாலை. நாடி பார்த்து நோயறிந்த கைகள் இன்று சர்க்கரை அளவையும், கொழுப்பின் அளவையும், தைராய்டுச் சுரப்பியின் நீரளவையும் எண்களாகப் பெற்றே துணிகின்றன. ஆகவே மற்ற நால்வர் எவ்வளவு நல்லவராயிருப்பினும், ஐந்தாமவர் தரும் எண் பிழைபடுமாயின் வைத்தியமே பிழைபடும்.

இனி, கடன்தர மதிப்பீடு என்பது யாது எனக் காண்போம். ஒருவர் வாங்கிய கடனை வட்டியும் முதலுமாகத் தவணை தவறாமல் திருப்பிக் கொடுப்பாரா என்பதைப்பற்றி மூன்றாமவர் ஒருவர் ஆராய்ந்து சொல்லும் அபிப்பிராயமே அது. 1841-ல் நியூயார்க் நகரில் லூயிஸ் டாப்பன் என்பவர், தூரதேசத்து வியாபாரிகளின் நாணயத்தை விசாரித்துச் சொல்லும் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். 1909-ல் ஜான் மூடி என்பவர் அமெரிக்க இரயில்வே கம்பெனிகளின் கடன்பத்திரங்களுக்கு எழுத்துக்களால் தரங்குறித்துப் புத்தகமாக வெளியிட்டார். நம் நாட்டில் 1987-ல் கிரிசில், 1991-ல் இக்ரா, 1993-ல் கேர் என்னும் கழகங்கள் தோன்றின. 1999-ல் இவற்றை ஒழுங்குபடுத்தும் விதிகளைச் செபி வகுத்தது. ஏ என்னும் எழுத்து மூன்றுமுறை வரின் மிக உயர்ந்த தரம்; பி மூன்றுமுறை வரும் படிவரை முதலீட்டுக்குத் தகுந்தது; அதற்குக் கீழே ஆபத்து மிகுந்தது; டி என்பது தவணை தவறிவிட்டமைக்கு அடையாளம். தரம் ஒரு படி இறங்கினால் புதிய கடனுக்கு வட்டி ஏறும். பழைய கடனைப் புதுப்பிக்க வருவோர் குறைவர். ஒருவன் சரக்கிற் குறைந்தானென்று சந்தையில் ஒரு சொல் பிறந்தால் கடன் கொடுத்தவர் யாவரும் ஒரே நாளில் வாயிலில் வந்து நிற்பதில்லையா? அதுபோலவே இதுவும்.

இத்தகைய மதிப்பீடு இல்லாத காலத்தில் நம் மாகாணத்தார் பட்ட பாட்டையும் நினைத்தல் வேண்டும். சென்னையிற் பேர்பெற்றிருந்த அர்பத்நாட் கம்பெனி 1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் நாள் முறிந்தது. அதன் கட்டடத்தின் கம்பீரத்தையும் அதன் துரைமாரின் அந்தஸ்தையுமே சான்றாகக் கொண்டு தம் சேமிப்பை அங்கே போட்டிருந்தவர் பலர் கதிகலங்கினர். அந்தத் துயரத்தினின்றே, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907-ல் இந்தியன் பாங்கி பிறந்தது. ஆனால் மதிப்பீடு வந்தபின் ஏமாற்றமே ஒழிந்ததென்றும் சொல்வதற்கில்லை. ஐ.எல்.எஃப்.எஸ். என்னும் பெருங்கம்பெனி 2018-ஆம் ஆண்டு நடுப்பகுதி வரையில் மிக உயர்ந்த தரத்தில் வைக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டு செப்டம்பரிலேயே கடைசித் தரத்துக்கு வீழ்ந்தது. மதிப்பிடுவோர்க்குக் கூலி கொடுப்பவர் பெரும்பாலும் மதிப்பிடப்படுபவரே என்பதையும் மறத்தலாகாது. எனவே கடன்தரம் ஓர் அபிப்பிராயமே. அதனை வேதவாக்காகக் கொள்ளவும் வேண்டா, வெறுஞ்சொல்லெனத் தள்ளவும் வேண்டா.

நிற்க. பணம் படைத்தோர் சோதனைச்சாலைகளை விரும்புவது ஏன்? மனிதர்க்கு நோய் வருவது பஞ்சத்திலும் நிற்பதில்லை. ஆதலால் வரவு நிலையானது. யந்திரமும் கட்டடமும் ஒருமுறை அமைந்துவிட்டால், நூறு குழாய்களைச் சோதிக்கும் இடத்தில் ஆயிரம் குழாய்களைச் சோதிப்பதற்கு ஆகும் மிகுதிச் செலவு சிறிதே. ஆதலால் சிறு சாலைகளை வாங்கி ஒன்றாக்கிப் பெருஞ்சாலையாக்கினால் ஆதாயம் பெருகும் என்று கணக்கிடுகின்றனர். 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொரோனா நோய் பரவியபோது பரிசோதனைக்கு வந்தோர் தொகை அளவுகடந்து உயர்ந்தது. அந்த வெள்ளத்தையே ஆற்றின் இயல்பான நீரோட்டமென்று எண்ணிக் கடன் வாங்கியவர்களும் உண்டு. 2022 முதல் நோய் தணிந்தது. சோதனை வரவு வடிந்தது. உலகமெங்கும் வட்டி விகிதமோ ஏறிற்று.

பிரான்ஸ் தேசத்துச் செர்பா ஹெல்த்கேர் என்னும் கம்பெனியின் வரலாறு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அஃது ஐரோப்பாவின் பெரிய சோதனைச்சாலைக் கம்பெனிகளுள் ஒன்று. 2017-ல் முதலீட்டாளர் சிலர் அதனை ஏறக்குறைய 180 கோடி யூரோ மதிப்பில் வாங்கினர். நான்கே ஆண்டுகளில், 2021-ல், ஸ்வீடன் தேசத்து ஈ.க்யு.டி. என்னும் முதலீட்டுக் கம்பெனி அதனையே ஏறக்குறைய 450 கோடி யூரோ மதிப்பில் வாங்கிற்று. விலையிற் பெரும்பகுதி கடன். அக்கடன் வாங்கியவர்மேல் அன்றி, வாங்கப்பட்ட கம்பெனியின் தலைமேலேயே ஏற்றப்பட்டது. பின்னர்க் கொரோனாச் சோதனைகள் குறைந்தன, பிரெஞ்சு அரசின் நோய்க்காப்பு நிதியம் சோதனைக் கட்டணங்களைக் குறைத்தது, வட்டி ஏறிற்று. மதிப்பீட்டுக் கழகங்கள் அதன் தரத்தைப் படிப்படியாக இறக்கி, சி என்னும் எழுத்தில் தொடங்கும் வரிசைக்குக் கொணர்ந்தன. இவ்வளவுக்கும் அந்தச் சாலைகளில் இரத்தத்தைச் சோதிப்போர் முன்போலவே சோதித்துக்கொண்டிருந்தனர். மாறியது அவர்களுடைய வேலையன்று. அவர்களைச் சுமந்த கப்பலின் பாரமே.

இதற்கு நெருங்கிய வரலாறு நம் தமிழர் ஒருவர் கட்டிய கம்பெனிக்கும் உண்டு. கோயம்புத்தூரை அடுத்த சிற்றூரில் ஏழைக் குடும்பத்திற் பிறந்த வேலுமணி என்பவர், பம்பாயில் பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்து, தைராய்டு பற்றிய ஆராய்ச்சியில் டாக்டர் பட்டமும் பெற்று, பின் அவ்வேலையை விட்டு 1996-ல் தைரோகேர் என்னும் சோதனைச்சாலையைத் தொடங்கினார். தம் வைப்புநிதிப் பணமே அவருக்குக் கைம்முதல். நாடெங்குமிருந்து இரத்தக் குழாய்களை இரவோடிரவாக விமானத்தில் வருவித்து, ஒரே பெருஞ்சாலையில் சோதித்து, விலையைக் குறைத்தமையே அவர் கண்ட வழி. கடனுக்கு அஞ்சி நடந்தவர் என்று பேரெடுத்தவர் அவர். 2016-ல் அக்கம்பெனியின் பங்குகள் பொதுச் சந்தைக்கு வந்தன.

2021-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பார்ம்ஈஸி என்னும் மருந்து விற்பனைக் கம்பெனியின் தாய்க் கம்பெனியாகிய ஏ.பி.ஐ. ஹோல்டிங்ஸ், தைரோகேரின் நூற்றுக்கு 66 பங்கிற்குச் சிறிது மேற்பட்ட உரிமையை, பங்கு ஒன்றுக்கு ரூ. 1,300 வீதம், ரூ. 4,546 கோடிக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. அப்போது தொடங்கி ஆறே ஆண்டு ஆகியிருந்த இளங்கம்பெனி, கால் நூற்றாண்டு உழைத்த கம்பெனியை விலைகொண்டது கண்டு பலர் வியந்தனர். இதற்கெனப் பெருங்கடன் வாங்கப்பட்டது. தைரோகேரின் பங்குகளே கடனுக்கு ஈடாக வைக்கப்பட்டன. 2021 நவம்பரில் பொதுமக்களிடம் பங்கு விற்று ரூ. 6,250 கோடி திரட்டப் பார்ம்ஈஸியார் விண்ணப்பித்தனர். சந்தை நிலை மாறவே, 2022 ஆகஸ்டில் அவ்விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றனர். பழைய கடனை அடைக்கக் கோல்ட்மன் சாக்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்திடம் புதுக்கடன் பெற்றனர். 2023-ல் அக்கடனின் நிபந்தனை ஒன்று மீறப்பட்டதாகச் செய்தி வந்தது. முன்னைய விலையிற் பத்தில் ஒரு பங்கு அளவான விலைக்குப் புதுப்பங்குகளை விற்றே கடனைத் தீர்க்க முற்பட்டனர்.

இவ்வரலாற்றில் குற்றவாளியைத் தேடுவது நம் நோக்கமன்று. விற்றவர் தம் உழைப்பின் பயனை நியாயமாகப் பெற்றார். வாங்கியவர் சட்டத்துக்கு உட்பட்டே வாங்கினார். கடன் சுமந்தது வாங்கிய கம்பெனி, சோதனைச்சாலையன்று. ஆயினும் ஒன்றை நோக்குக. ஆயிரக்கணக்கான நோயாளிகள் நம்பியிருக்கும் ஒரு சாலை, அவர்கள் அறியாமலே, எங்கோ ஒரு கடன்காரரின் பெட்டியில் அடகுப் பொருளாயிற்று. நம் கவலை இதுவே.

இனி, கடன்தரம் குறைந்தது என்ற செய்தியைக் கேட்ட நோயாளி, தன் இரத்தத்தின் முடிவும் பொய்யோ என்று ஐயுறுதல் சரியா? சரியன்று. கடன்தரம் கடன் கொடுத்தவனுடைய ஐயத்தை அளப்பது. நோயாளியின் ஐயத்தை அளப்பதன்று. மூன்று ஏ பெற்ற சாலையிலும் கவனமற்ற ஊழியன் குழாயை மாற்றி வைக்கலாம்; தரத்தில் மிகத் தாழ்ந்த சாலையிலும் மனச்சாட்சியுள்ள ஒரு பெண் ஒவ்வொரு காலையும் யந்திரத்தைச் சரிபார்த்த பின்னரே வேலை தொடங்கலாம். இரண்டு அளவுகோல்களும் வேறு வேறு. படியால் துணியை அளத்தல் எவ்வாறு பொருந்தும்?

என்றாலும் கடனின் பாரம் நோயாளியை எட்டவே எட்டாது என்பதும் பொருந்தாது. வட்டிக்குரிய நாள் தவறாமல் வரும். வரவு குறைந்தபோது, செலவைக் குறைக்க மேலாளர் எங்கே கை வைப்பார்? நோயாளியின் கண்ணுக்குத் தெரியும் வாயிற்புறத்தில் வைக்கமாட்டார். யந்திரம் சரியாக அளக்கிறதா என்று நாள்தோறும் பார்ப்பதற்கென்றே முன்னறிந்த அளவுள்ள திரவங்களைச் சோதித்துப் பார்ப்பது நல்ல சாலைகளின் வழக்கம். அதற்குச் செலவுண்டு, வரவு காசளவும் இல்லை. அனுபவம் மிக்க ஊழியர்க்குச் சம்பளம் கூடுதல், புதியவர்க்குக் குறைவு. குளிர்பெட்டியில் வைத்துக் கொணர வேண்டிய குழாய் வெயிலில் வந்தாலும் வெளிக்குத் தெரியாது. மற்றொரு புறம், வரவைப் பெருக்கத் தேவையற்ற சோதனைகளைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து மலிவென்று விற்பதும், நோயாளியை அனுப்பும் வைத்தியர்க்குத் தரகு கொடுப்பதும் ஆகிய ஆசைகள் தலைகாட்டும். கடன்பட்ட சாலைகள் எல்லாம் இவற்றைச் செய்கின்றன என்று நாம் சொல்லவில்லை. கடனில்லாச் சாலைகளுக்கு இவ்வாசை வாராது என்றும் சொல்லவில்லை. ஆனால் நெருக்கடி மிகுந்த இடத்தில் ஆசை மிகும் என்பது மனித இயல்பு.

அங்ஙனமாயின் கடனே கூடாதோ எனின், அதுவும் அன்று. கடன் இருவகைப்படும். நம் மாவட்டத்துக் குடியானவன் ஒருவன் கிணறு வெட்டக் கடன் வாங்குகிறான். கிணற்றில் நீர் சுரந்தால் நிலம் விளைகிறது. விளைவு கடனைத் தீர்க்கிறது. கடன் தீர்ந்தபின்னும் கிணறு நிற்கிறது. மற்றொருவன், அடுத்தவன் நிலத்தை அந்நிலத்தையே அடகு வைத்துக் கடனால் வாங்குகிறான். நிலம் கைமாறிற்று, ஆனால் ஒரு குழி நிலமும் கூடவில்லை, ஒரு வாளி நீரும் கூடவில்லை. முன்பு உழவனுக்கு மாத்திரம் சோறளித்த அந்நிலம் இனி வட்டிக்காரனுக்கும் அளித்தாக வேண்டும். மழை பொய்த்த ஆண்டில் முதலில் பட்டினி கிடப்பது நிலமே, எருவின்றிக் கிடக்கும். சோதனைச்சாலைக்கும் இதுவே நியாயம். புதிய யந்திரம் வாங்கவும், திருவண்ணாமலை போன்ற ஊரில் புதுச்சாலை அமைக்கவும் வாங்கும் கடன் கிணற்றுக் கடன். ஓடிக்கொண்டிருக்கும் சாலையை ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு மாற்ற வாங்கும் கடன், ஒரு நுண்பெருக்கியைக்கூட அதிகப்படுத்துவதில்லை. இவ்விரண்டையும் ஒரே பெயரால் வளர்ச்சி என்று அழைப்பது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

இதற்கு மறுப்புரைப்போர் சொல்வதாவது: கட்டியவர் முதுமையடைந்தால் கம்பெனியை யாருக்கேனும் விற்கத்தானே வேண்டும்? பெருங்கம்பெனிகள் வந்தமையாலன்றோ ஏழைக்கும் சோதனை மலிந்தது? இம்மறுப்பில் உண்மையுண்டு. தைரோகேர் போன்ற கம்பெனிகளால் சோதனை விலை குறைந்ததை நாம் நன்றியோடு ஒப்புகிறோம். ஆனால் அவ்விலை குறைந்தது கடன் ஏறிய பின்னரன்று. கடனின்றிச் சிக்கனமாக நடந்த காலத்திலேயே. விற்பதையும் நாம் தடுக்கவில்லை. விற்பனையின் பாரம் எங்கே இறங்குகிறதென்பதை மக்கள் அறிய வேண்டும் என்பதே நம் விண்ணப்பம்.

மிஷன் கல்லூரியைச் சேர்ந்த நமக்கு மற்றொரு முதலீட்டின் கதையும் நினைவுக்கு வருதல் இயல்பு. வேலூரில் 1900-ஆம் ஆண்டு ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே படுக்கையோடு வைத்தியத்தைத் தொடங்கினார். அவர்க்கு மருத்துவமனை கட்ட 10,000 டாலர் கொடுத்தவர் நியூயார்க் நகரத்துப் பாங்கித் தொழிலர் ஒருவரே. இறந்துபோன தம் மனைவியின் நினைவாக அதனைக் கொடுத்தார். 1902-ல் அம்மருத்துவமனை திறக்கப்பட்டது. அந்தப் பணம் வட்டி கேட்கவில்லை, தவணை குறிக்கவில்லை. இன்று நம் மாவட்டத்தினின்று எத்தனையோ பேர் நோய் இன்னதென்று துணியப்பெறுதற்கு அங்கே செல்கின்றனர். எல்லாச் சாலைகளும் நன்கொடையால் நடத்தல் இயலாது என்பதை அறிவோம். அரசின் பணமும், வியாபாரியின் முதலும், அறவோரின் கொடையும் மூன்றும் வேண்டும். ஆயினும் முதலீடு எத்தகையதோ அத்தகையதாகவே நிலையத்தின் அவசரமும் அமையும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

ஆகவே நாம் வேண்டுவன சில. முதலாவது, கடன்தரத்தை எல்லோரும் காண வெளியிடுவதுபோல், வேலைத்தரத்தையும் எல்லோரும் காண வெளியிட வேண்டும். சோதனைச்சாலைகளின் திறமையைப் பரிசீலித்து அங்கீகாரம் வழங்கும் என்.ஏ.பி.எல். என்னும் வாரியம் நம் நாட்டில் உண்டு, ஐ.எஸ்.ஓ. 15189 என்னும் உலக அளவுகோலை அது கையாள்கிறது. அவ்வங்கீகாரம் பெறுவதோ பெரும்பாலும் அவரவர் விருப்பம். ஒவ்வொரு சேகரிப்பு நிலையத்தின் வாயிலிலும், உங்கள் இரத்தம் எந்த ஊரில், எந்தச் சாலையில் சோதிக்கப்படும், அச்சாலைக்கு எந்தச் சோதனைகளுக்கு எந்நாள் வரை அங்கீகாரம் உண்டு என்பதைத் தமிழில் எழுதி மாட்ட வேண்டும். இரண்டாவது, நம் மாநிலத்தில் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-ல் இயற்றப்பட்டும், அதற்குரிய விதிகள் 2018-ல்தான் வந்தன. இவ்விருபத்தொரு ஆண்டுத் தாமதம் இனி நேரலாகாது. சாலை கைமாறும்போது, தரக்கட்டுப்பாட்டுக்கான செலவு குறையாது என்னும் உறுதிமொழியை உரிமம் வழங்கும் அதிகாரிகள் கேட்டுப்பெறுதல் நன்று. மூன்றாவது, அரசு மருத்துவமனைகளின் சோதனைச்சாலைகளுக்கு ஆளும் கருவியும் குறைவின்றி அளிக்க வேண்டும். இலவசச் சோதனை நம்பத்தக்கதாய் அருகில் இருந்தால், தனியார் சாலைகளும் தாமே நேர்மைக்கு வரும்.

கடைசியாக நம் மாணவர்க்கு ஒரு சொல். வாணிப வகுப்பில் இருப்போர், மதிப்பீட்டுக் கழகங்கள் ஒவ்வொரு தரத்துக்கும் காரணம் காட்டி வெளியிடும் அறிக்கைகளைப் படித்துப் பழகுங்கள்; எவரும் விலையின்றிப் படிக்கலாம். எழுத்தை மாத்திரம் பாராமல், கடன் எதற்கு வாங்கப்பட்டது என்ற கேள்வியை அதனிடம் கேளுங்கள். விஞ்ஞான வகுப்பில் இருப்போரில் பலர் நாளை இத்தகைய சாலைகளிலேயே வேலைக்கு அமர்வீர்கள். கம்பெனி யாருக்கு விற்கப்பட்டாலும், தரம் எந்த எழுத்துக்கு இறங்கினாலும், காலையில் யந்திரத்தைச் சரிபார்க்கும் கடமை உங்கள் கையிலேயே இருக்கும். சரிபாராத எண்ணின் கீழ்க் கையொப்பம் இட மறுக்கும் தைரியமும் உங்களுக்கு வேண்டும். கம்பெனியின் கடனை எழுதிவைக்கக் கணக்கர் பலர் உண்டு. சீட்டைப் பிடித்துக்கொண்டு வாயிலில் காத்திருக்கும் குடியானவர்க்கு அச்சாலை பட்டிருக்கும் கடனை எழுதிவைப்பார் எவரும் இல்லை. அதனை நாள்தோறும் நீங்களே தீர்த்தல் வேண்டும்.